விமர்சகரின் இருக்கை: ‘ஆடல் பாடல்’ பத்தி முதல் அண்ணாமலைநகர்த் தீர்மானம் வரை

ஆய்வுச்சுருக்கம்

1930களில் தமிழ் வார இதழ்களில் வெளிவந்த கர்நாடக இசைக் கச்சேரி விமர்சனங்கள், இசை வரலாற்றாய்வில் பெரும்பாலும் மேற்கோளுக்கான இருப்பாகவே கையாளப்படுகின்றன. ஒரு வித்துவான் எவ்வாறு பாடினார் என்பதற்கு அவை சான்றாக நிறுத்தப்படுகின்றன. விமர்சகர் எங்கு அமர்ந்து, யாருக்காகக் கேட்டார் என்ற வினா எழுப்பப்படுவதில்லை. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய பத்தியை மையமாகக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 1941ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானமாக உருப்பெற்ற தமிழிசைக் கோரிக்கை, அதற்கு முன்பே கச்சேரி விமர்சனத்தில் கேட்பவரின் குறையாக வளர்ந்து வந்தது என்பதும், தீர்மானமானபோது விமர்சனத்தின் இயல்பே மாறியது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: இசை விமர்சனம், கச்சேரி மரபு, கல்கி, தமிழிசை இயக்கம், சங்கீத வித்வத் சபை, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தென்னார்க்காடு.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர்ப்பாடு, இசை எஞ்சவில்லை என்பதே. மூன்று நான்கு நிமிடங்களுக்குள் அடங்கிய இசைத்தட்டுகள் உள்ளன. நான்கைந்து மணி நேரம் நீண்ட கச்சேரிகள் இல்லை. அவற்றின் இடத்தில் எழுத்து மட்டும் நிற்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் கச்சேரி அரங்கில் உண்டாக்கிய கிளர்ச்சியையும், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுக் கூட்டம் அசையாது நின்றதையும் நாம் அறிவது பெரும்பாலும் கேட்டவர் எழுதி வைத்ததால்தான். எழுதியவருக்குச் செவி மட்டுமன்றிக் கருத்தும் இருந்தது. ஆசிரியர் குழுவும், நண்பர்களும், அடுத்த வாரத்துக்கான கெடுவும் இருந்தன. லட்சுமி சுப்பிரமணியன், அமாண்டா வைட்மன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட நூல்கள் கர்நாடக இசை ‘செவ்வியல்’ என்ற தகுதியைப் பெற்ற வரலாற்றை நிறுவனம், தேசியம், குரல் ஆகிய நோக்குகளில் விரிவாக ஆராய்ந்துள்ளன. தமிழ் வார இதழ் விமர்சனத்தைத் தனியொரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு, அதன் உள்ளமைப்பை ஆராயும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. இக்கட்டுரை அதில் ஒரு பகுதியை மட்டும் தொட முயல்கிறது.

சன்மானமும் நுழைவுச்சீட்டும்

பத்திரிகை விமர்சனம் தோன்றுவதற்கு முன்பு இசைக்கலைஞரை யார், எவ்வாறு மதிப்பிட்டனர்? உ.வே. சாமிநாதையர் எழுதிய கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகள் இதற்கு நல்ல விடை தருகின்றன. அவ்வரலாறுகளில் மதிப்பீடு என்பது பட்டமாகவும், பொன்னாடையாகவும், மடாதிபதி அல்லது சமீன்தாரின் சன்மானமாகவும் வெளிப்படுகிறது. வைத்தியநாதையருக்கு ‘மகா’ என்னும் அடைமொழி இளம்பருவத்திலேயே கல்லிடைக்குறிச்சியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் கிடைத்தது. அந்த அடைமொழியே ஒரு விமர்சனம். அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அவையில் இருந்தவர்கள் அனைவரும் கேட்டிருந்தனர். இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இருக்கவில்லை.

அக்காலத்திலும் மாறுபட்ட செவிகள் இருந்தன. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் உ.வே.சா. இசை பயின்று வந்ததை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பவில்லை என்பதும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் இலக்கண வழுக்கள் இருந்தமையால் அதற்குச் சிறப்புப்பாயிரம் தர அவர் முதலில் தயங்கினார் என்பதும் தமிழ் உலகம் அறிந்தவை. புலவரின் செவி சொல்லை எடைபோட்டது. பாட்டைக் கேட்ட மக்கள் கூட்டம் வேறொன்றை எடைபோட்டது. இசையில் சொல்லின் இடம் என்ன என்ற பிற்காலப் பூசல் இங்கே சிறு அளவில் முன்னோட்டமாகத் தெரிகிறது.

புரவலரின் இடத்தைச் சபாக்கள் பிடித்தபோது நிலைமை மாறியது. சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் சபாக்கள் பெருகத் தொடங்கின. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிச் சென்னையில் நடைபெற்ற அகில இந்திய சங்கீத மாநாட்டின் விளைவாக, மியூசிக் அகாடமி என்னும் சங்கீத வித்வத் சபை தோன்றி, 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசுவாமி ஐயரால் தொடங்கி வைக்கப்பட்டது. சபாவுக்குள் நுழைய வேண்டுவது சீட்டு. சீட்டு வாங்கியவருக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. ஆனால் முறையிடும் உரிமை உண்டு. எந்தக் கச்சேரிக்குப் போவது, எதைத் தவிர்ப்பது என்ற அறிவுரையும் அவருக்குத் தேவைப்பட்டது. அரசவையில் இடமில்லாத விமர்சகருக்கு இங்கே இருக்கை கிடைத்தது.

இந்த மாற்றத்துக்குச் சற்று முன்னரே முறையீட்டுக்கு ஒரு தமிழ் வடிவம் தந்தவர் பாரதியார். ‘சங்கீத விஷயம்’ என்ற கட்டுரையில், எங்குச் சென்றாலும் அதே சில பாட்டுகள் திரும்பத் திரும்ப ஒலிப்பதையும், பொருளறியாமல் பிறமொழிக் கீர்த்தனங்கள் பாடப்படுவதையும் அவர் கடிந்துரைக்கிறார். ஒரு குறிப்பிட்ட கச்சேரியை அக்கட்டுரை மதிப்பிடவில்லை. ஆகவே அதை விமர்சனம் என்று கொள்வதினும் விமர்சனத்தின் முன்னுரை என்று கொள்வது தகும். 1917இல் வெளிவந்த ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ தமிழிசையின் தொன்மையைச் சுருதிக் கணக்கின் வழி நிறுவ முயன்றது. பாரதியார் கேட்பவராக நின்று பேசினார். பண்டிதர் ஆராய்பவராக நின்று பேசினார். பிற்காலத் தமிழிசை இயக்கம் இவ்விருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் போற்றினாலும், விமர்சனப் பத்தியின் வழி பாரதியாரிடமிருந்தே வருகிறது.

‘கர்நாடகம்’ என்னும் புனைபெயர்

திரு.வி.க.வின் ‘நவசக்தி’யிலும், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் ‘விமோசனம்’ இதழிலும் பணியாற்றிய பின், கல்கி எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடனுக்கு வந்தார். அங்கே ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் இசை, நாட்டியம், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றி எழுதலானார். அதற்கு அவர் சூட்டிக்கொண்ட ‘கர்நாடகம்’ என்ற பெயர் ஆராய்தற்குரியது. அச்சொல் ஓர் இசை மரபைக் குறிக்கிறது. அன்றாடப் பேச்சில் பழம்போக்கு உடையவரையும் குறிக்கிறது. ‘அவர் சுத்தக் கர்நாடகம்’ என்றால் புதுமை தெரியாதவர் என்பது பொருள். ஆகவே விமர்சகர் தம்மைத் தாமே சிறிது கேலி செய்துகொண்டே அரங்கினுள் நுழைகிறார். சாத்திர அதிகாரம் கோராத ஒருவரின் பெயர் அது. இசை இலக்கணம் கற்ற வித்துவான்களின் முன்னிலையில், ‘நான் வெறும் கேட்பவன்’ என்று சொல்லிக்கொண்டே தீர்ப்பு வழங்கும் உரிமையை அப்பெயர் அவருக்கு ஈட்டித் தந்தது. இது பணிவா, தந்திரமா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதே காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியவர்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். வழக்கறிஞரும் மியூசிக் அகாடமியின் செயலாளர்களுள் ஒருவருமாகிய இ. கிருஷ்ணையர், சமகாலக் கலைஞர்களைப் பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரைகளை 1933இல் நூலாக வெளியிட்டார். அவர் கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு எழுதினார். நாட்டியத்தைப் பொது அரங்குக்குக் கொண்டுவரப் போராடியவரும் அவரே. 1931லும் 1933லும் அகாடமி அரங்கில் கல்யாணி மகளிரின் ஆட்டம் நிகழ அவருடைய முயற்சி காரணமாயிற்று. சபாவை நடத்துவோருக்கும் ஆங்கிலம் கற்ற அதன் புரவலருக்கும் பொதுவான மொழியில் அவர் பேசினார். கல்கியின் வாசகர் வட்டம் வேறு. ஆனந்த விகடன் மாவட்டந்தோறும் சென்றது. அதைப் படித்தவர்களுள் மிகப் பலர் அந்தக் கச்சேரியைக் கேட்டிராதவர்கள், கேட்கவும் வாய்ப்பில்லாதவர்கள்.

இக்கூற்றின் பொருளை உணர, சென்னையை விட்டுச் சற்று விலகி நிற்க வேண்டும். தென்னார்க்காட்டில் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் போன்ற ஓர் ஊரிலிருந்து அவ்விதழைப் படித்தவரை எண்ணிப் பார்க்கலாம். இசை அவருக்குப் புதிதன்று. மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலம், மூவர் தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று பாடப்பெற்ற தலம். கோயிலில் ஓதுவார் பாடுவார்; திருவிழாவில் நாகசுரம் ஒலிக்கும்; கதாகாலட்சேபத்திலும் கூத்திலும் பாட்டு உண்டு. ஆனால் ‘கச்சேரி’ என்னும் அமைப்பு, அதாவது குறித்த நேரத்தில், மேடைக்கு எதிரே வரிசையாக அமர்ந்து, வேறெந்தச் சடங்கும் இன்றி இசையை மட்டுமே கேட்கும் முறை, அவருக்கு அச்செழுத்தின் வழியே அறிமுகமாயிற்று. கேளாத இசையைக் காட்சியாகத் தர வேண்டிய கட்டாயம் விமர்சகருக்கு இருந்தது. கல்கியின் பத்தியில் அரங்கின் சூழலும் கூட்டத்தின் போக்கும் நகைச்சுவையும் அத்துணை இடம் பெறுவதற்கு அவருடைய இயல்பு மட்டும் காரணமன்று. வாசகர் இருந்த தொலைவும் காரணம்.

சொல்லாட்சியும் இதனோடு தொடர்புடையது. சாரீரம், பாடாந்தரம், மனோதர்மம், காலப்பிரமாணம், கமகம் முதலியன வித்துவான்களின் துறைச்சொற்கள். இவற்றை விமர்சகர் ஒதுக்கவில்லை. ஆனால் தனியே விடவுமில்லை. ‘களைகட்டியது’, ‘விறுவிறுப்பாக இருந்தது’, ‘சோபிக்கவில்லை’ போன்ற பேச்சுவழக்குச் சொற்கள் அவற்றின் பக்கத்தில் வந்து அமர்ந்தன. ‘களைகட்டுதல்’ என்ற சொல் பாடுபவரைப் பற்றியதாகத் தோன்றினாலும் அரங்கு முழுவதையும் பற்றியது. பாடுபவர், பக்கவாத்தியக்காரர், கேட்பவர் ஆகிய அனைவரும் சேர்ந்தாலன்றிக் களைகட்டாது. கேட்பவரையும் கச்சேரியின் ஓர் உறுப்பாக எண்ணும் அழகியல் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இன்று நாளிதழ் மதிப்புரைகளில் தேய்ந்துபோன தொடராக அது வருவதைக் கண்டு அதன் தொடக்க வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

துக்கடாவின் இடம்

தமிழிசைப் பூசலைப் பற்றிய ஆய்வுகளில் மொழி, சாதி, திராவிட அரசியல் ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவற்றுக்கு உரிய இடத்தை மறுப்பதற்கில்லை. எனினும் கச்சேரியின் கால அமைப்பைக் கவனியாமல் அப்பூசலை விளங்கிக்கொள்ள முடியாது.

வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனங்களைப் பாடி, விரிவான ஆலாபனை, நிரவல், சுரங்களோடு பெரிய உருப்படிகளுக்கும் இராகம் தானம் பல்லவிக்கும் சென்று, தனி ஆவர்த்தனம் முடிந்தபின் சிறு பாடல்களால் நிறைவு செய்யும் அமைப்பு அரியக்குடியின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. நீண்ட பல்லவியையே உயிராகக் கொண்ட முந்தைய முறையோடு ஒப்பிட, இது சீட்டு வாங்கி வந்தவரின் பொறுமையை மதித்த அமைப்பு. வகை வகையாகப் பரிமாறும் பந்தியைப் போன்றது. இந்தப் பந்தியில் தமிழ்ப் பாட்டு எப்போது வந்தது? பெரும்பாலும் இறுதியில், துக்கடாவாக. திருப்புகழ், பதம், காவடிச்சிந்து, விருத்தம் ஆகியவற்றுக்கு உரிய நேரம் அதுவே. பெரும்பகுதி தெலுங்கு, சமற்கிருதக் கீர்த்தனங்களுக்கு உரியது.

மொழிக் குறை இங்கே கால அளவாகவும் வரிசையாகவும் கேட்பவருக்குப் புலப்பட்டது. தமிழ்ப் பாட்டு பாடப்படவில்லை என்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. அது பாடப்பட்ட இடம், அதற்கு ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, கனமில்லை என்று அறிவித்தது. தமிழ்ப் பாட்டில் கனமில்லாததால் அது இறுதிக்குப் போயிற்றா, இறுதியில் வைத்ததால் கனமிழந்ததா என்பதே வினா. இதைக் கேட்பதற்குத் துறைப் புலமை வேண்டியதில்லை. வாரந்தோறும் அரங்கில் அமர்ந்தால் போதும். பத்தி எழுதுபவரைப் போலத் தொடர்ந்து அமர்ந்தவர் வேறு யார்?

இன்னொரு புறம், அரங்குக்கு வெளியே தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடகப் பாடல்கள் இசைத்தட்டில் ஊர் ஊராகச் சென்றன. பாபநாசம் சிவனின் ‘கீர்த்தன மாலை’ 1934இல் வெளிவந்தது. அவரே திரைப்படங்களுக்கும் பாட்டெழுதினார். 1938 ஜூனில் சென்னையிலும் 1939 மே மாதத்தில் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. நாடகம், இசைத்தட்டு, திரைப்படம், வானொலி ஆகிய நான்கையும் ஒரே பத்தியில் எழுதியவருக்கு, சபா மேடை மட்டும் வேறோர் உலகமாக நிற்பது உறுத்தியிருக்க வேண்டும். ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பின் அகலமே அதில் எழுதப்பட்ட இசை விமர்சனத்தின் கருத்தையும் ஓரளவு தீர்மானித்தது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. இசைக்கென்றே ஒதுக்கப்பட்ட பத்தியாக அது இருந்திருப்பின், இந்த ஒப்பீடு அவ்வளவு எளிதில் எழுந்திராது.

ஆகஸ்டு 1941

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே இசைக் கல்விக்கு இடமளித்தது. 1941 ஆகஸ்டில் அங்குக் கூடிய தமிழிசை மாநாடு, இசை நிகழ்ச்சிகள் தமிழ்ப் பாட்டில் தொடங்க வேண்டும் என்றும், அவற்றில் பெரும்பகுதி தமிழ்ப் பாடல்களாக இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் நன்கொடையும் பல்கலைக்கழகத்தின் அமைப்பு வலிமையும் இதற்குப் பின்னே நின்றன. தேவகோட்டை, திருச்சி, மதுரை முதலிய ஊர்களில் மாநாடுகள் தொடர்ந்தன. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது.

சிதம்பரம் இதற்கு நிலைக்களமானது தற்செயல் எனத் தோன்றவில்லை. தமிழ்க் கீர்த்தனத்தின் முன்னோடிகளாகக் கருதப்படும் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப்பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய மூவரும் சீர்காழி, தில்லைவிடங்கன் என இப்பகுதியோடு பிணைந்தவர்கள்; கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் வந்து சேரும் இடமும் தில்லையே. ஆனால் இவர்களுடைய பாடல்கள் பலவற்றின் பழைய மெட்டுகள் வழக்கிழந்திருந்தன. மாநாட்டை எதிர்த்தோர் கேட்ட கேள்வியும் இதுவே: கனமான மெட்டமைந்த தமிழ் உருப்படிகள் எத்தனை உள்ளன? பல்கலைக்கழகம் இதற்கு விடையாகப் புதிய பாடல்களுக்குப் பரிசளித்தது. சுரதாளக் குறிப்புடன் பாடல்களை அச்சிட்டு வெளியிட்டது. பிற்காலத்தில் அங்கே இசைத்துறையில் பணியாற்றிய எம்.எம். தண்டபாணி தேசிகர் பல பாடல்களுக்கு மெட்டமைத்தார்.

1941 டிசம்பரில் மியூசிக் அகாடமி, கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும் என்றும், மொழி பற்றிய கருத்து அத்தரத்தைக் குறைக்க இடந்தரலாகாது என்றும் பொருள்படத் தீர்மானம் இயற்றியது. அவ்வாண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் வயலின் மேதை துவாரம் வேங்கடசுவாமி நாயுடு என்பது சுவையான உடனிகழ்வு. சொல்லே இல்லாத இசையின் கலைஞர் தலைமையிலான ஆண்டில் சொல்லைப் பற்றிய பூசல் முற்றியது.

இவ்விரு நிறுவனங்களையும் எதிரெதிர்ப் பாசறைகளாக வரைவது வழக்கமாகிவிட்டது. சான்றுகள் அதற்கு முழுதும் இடந்தரவில்லை. அகாடமி மாநாடுகளுக்கு 1932, 1933, 1934 ஆகிய மூன்று ஆண்டுகளில் முறையே தலைமை தாங்கிய டைகர் வரதாச்சாரியார், தஞ்சை கே. பொன்னையா பிள்ளை, டி.எஸ். சபேசையர் ஆகிய மூவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர்கள். 1938இல் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அரியக்குடியே பின்னாளில் ஆண்டாளின் திருப்பாவைக்கு மெட்டமைத்து மேடையில் நிலைநிறுத்தினார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் அவர் மெட்டமைத்தார். கலைஞர்கள் இரு கரைகளிலும் நடமாடிக்கொண்டிருந்தனர். கரைகளை வரைந்தவர்கள் பெரும்பாலும் பேசியவர்களும் எழுதியவர்களுமே.

விமர்சகரும் கட்சிக்காரரும்

1941 ஆகஸ்டு முதல் தேதி ‘கல்கி’ இதழ் தோன்றியது. அதே மாதத்தில்தான் அண்ணாமலைநகர் மாநாடும் நிகழ்ந்தது. இந்த ஒருங்கிணைவு உரிய கவனம் பெறவில்லை. விகடனில் பணியாற்றிய ஆசிரியர் இப்போது தம் பெயரையே தாங்கிய இதழின் ஆசிரியர். அவருடைய குறையாக இருந்தது இப்போது ஓர் இயக்கத்தின் கொள்கை. டி.கே. சிதம்பரநாத முதலியார், இராஜாஜி போன்றோர் துணைநிற்க, கல்கி தமிழிசைக்காக எழுதிய கட்டுரைகள் பின்னர் ‘சங்கீத யோகம்’ என்ற நூலாயின.

அக்கட்டுரைகளின் வாத வன்மை மறுக்க இயலாதது. பொருள் விளங்காத பாட்டில் பாவம் தோன்றாது என்பதும், பாடப் பாடத்தான் ஒரு பாட்டுக்குக் கனம் ஏறும் என்பதும், தியாகராசரை ஒதுக்குவது நோக்கமன்று என்பதும் அவருடைய நிலைப்பாடு. எனினும் அவற்றை முந்தைய பத்தி எழுத்தோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஓர் இழப்பு தெரிகிறது. விமர்சகர் ஒரு மாலைப் பொழுதைக் கேட்டு எழுதுபவர். நேற்று பிடிக்காதவரை இன்று பாராட்ட அவருக்கு உரிமை உண்டு. இயக்கத்தார்க்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. எவ்வாறு பாடினார் என்ற வினாவை எதைப் பாடினார் என்ற வினா முந்திக்கொண்டது. பாடல்களை எண்ணிப் பார்த்து மொழிவாரியாக வகைப்படுத்துவது எளிது. ஒரு தமிழ் உருப்படி நிரவலுக்கு எவ்வாறு இடங்கொடுத்தது, எந்தச் சொல்லில் இசை நின்று விரிந்தது என்று காட்டுவது கடினம். தமிழிசைக்கு உண்மையில் வலுச் சேர்த்திருக்கக் கூடியது இரண்டாவதே. பத்தியில் வளர்ந்த செவி அதைச் செய்யும் தகுதி பெற்றிருந்த நேரத்தில், தீர்மானம் அதை வேறு பணிக்கு அழைத்துக்கொண்டது.

நடுநிலை பற்றிய வினாவையும் தவிர்க்க இயலாது. ‘கல்கி’ இதழைக் கூட்டாக நிறுவிய டி. சதாசிவம் 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமியை மணந்தவர். 1941இல் வெளிவந்த ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் இதழின் தொடக்க முதலீட்டுக்கு உதவியது. 1945இல் வெளிவந்த ‘மீரா’வுக்குக் கல்கி பாட்டெழுதினார். ஒரு பாடகியின் வருவாயில் தொடங்கிய இதழ், அதே பாடகியும் அவருடைய சமகாலத்தவரும் பாடும் அரங்கை மதிப்பிட்டது. இன்றைய ஆய்வாளர் இதை ‘நலன் முரண்’ என்று எளிதில் பெயரிட்டுவிடலாம். அவ்வாறு பெயரிடுவதால் விளங்குவது சிறிதே. இ. கிருஷ்ணையர் கச்சேரி ஏற்பாட்டாளர். அகாடமியின் வல்லுநர் குழுவினர் தாமே பாடகர்கள். சபா, இதழ், இசைத்தட்டு, படம் ஆகியவற்றில் ஒன்றிலும் கால் வைக்காத விமர்சகர் எவரும் அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. வெளியே நிற்கும் செவி என்பது பிற்கால விருப்பம். நாம் செய்யக்கூடியது, ஒவ்வொரு பாராட்டையும் கண்டனத்தையும் மேற்கோள் காட்டும்போது எழுதியவர் அந்த ஆண்டில் எங்கே நின்றார் என்பதையும் உடன் காட்டுவதே. நம் ஆய்வேடுகளில் 1934ஆம் ஆண்டுப் பத்தியும் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையும் ‘கல்கி கூறுகிறார்’ என்ற ஒரே தொடரால் அறிமுகமாகின்றன. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. பேசும் இடம் ஒன்றன்று.

பின்வந்த தலைமுறையில் சுப்புடு எனப் புகழ்பெற்ற பி.வி. சுப்பிரமணியம் (1917–2007) வேறொரு வழியைத் தேர்ந்தார். பர்மாவில் வளர்ந்து, 1942இல் போர்க்காலத்தில் இந்தியா வந்து, தில்லியில் அரசுப் பணியில் இருந்துகொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கேலியும் சிலேடையும் கல்கியிடமிருந்து அவருக்கு வந்த கொடை. ஆனால் கொள்கைப் பிடிப்பு வரவில்லை. மேடையிலிருப்பவர் எவராயினும் அஞ்சாமல் குத்தும் தனிமனிதக் கூர்மை வந்தது. விமர்சனத்தைப் படிப்பதற்காகவே வாசகர் காத்திருக்கும் நிலை அவரால் முழுமையடைந்தது. அதன் நன்மை தீமைகள் தனிக் கட்டுரைக்குரியவை.

செவிக்கு எட்டாதவர்கள்

விமர்சனங்களைச் சான்றாகக் கொள்வோர் அவற்றின் பக்க அமைப்பையும் நோக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு முதற்பகுதி, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இறுதியில் ஓரிரு வரிகள். இந்த வாய்பாடு இன்றளவும் நீடிக்கிறது. பாலக்காடு மணி ஐயர் 1966இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றபோது, அதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவரே. எம்.எஸ். சுப்புலட்சுமி 1968இல் பெற்றார். பெண்களில் அவரே முதல்வர். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அது வழங்கப்படவே இல்லை. பட்டங்களின் வரலாறும் பத்திகளின் பக்க அமைப்பும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் காண்கிறோம்.

ஓதுவாரின் நிலை இன்னும் நுட்பமானது. நல்லூர் வாசகர் கோயிலில் கேட்ட தேவாரம் தமிழ், பண்ணமைந்தது, நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து பாடப்பட்டு வருவது. தமிழில் கனமான இசை உண்டா என்று சபாக்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது அது ஒவ்வொரு மாலையும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆயினும் அது கச்சேரி அன்று. ஆகவே விமர்சனத்துக்கு உரிய பொருளாகவில்லை. சீட்டில்லாத இசைக்கு மதிப்புரை இல்லை. தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் ஆண்டுதோறும் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்கள் அழைக்கப்பட்டனர். அங்கே அவர்களின் பாட்டு பண்களுக்கு நிகரான இராகங்களைத் தீர்மானிப்பதற்குரிய சான்றாயிற்று. எந்த ஓதுவாரின் சாரீரம் எவ்வாறு இருந்தது, யாருடைய விருத்தம் கேட்டவரை உருக்கியது என்று எழுதி வைத்தவர் மிகச் சிலர். ஆராய்ச்சிப் பொருளாக மதிக்கப்பட்டவர்கள் கலைஞர்களாகக் கேட்கப்படவில்லை.

திராவிட இயக்க ஏடுகளிலும் இசை பற்றிய எழுத்து உண்டு. ‘குடி அரசு’, 1942இல் தொடங்கிய அண்ணாவின் ‘திராவிட நாடு’ ஆகியவை தமிழிசைப் பூசலைக் கூர்மையாக விவாதித்தன. அங்கே மேடையில் யார் அமர்ந்தார், யார் நின்றார், எந்த மொழி ஆண்டது என்பன பேசப்பட்டன. வார இதழ்ப் பத்திகள் கேட்டும் எழுதாத செய்திகள் இவை. இரண்டு வகை ஏடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தாலன்றி 1940களின் ஒரு கச்சேரியைக்கூட நம்மால் முழுமையாக மீட்டெடுக்க இயலாது. அவற்றோடு மூன்றாவதாக வைக்கத் தக்கது, சென்னை வானொலியின் நிகழ்ச்சி இதழான ‘வானொலி’. அதில் விமர்சனம் இல்லை. நாள், நேரம், கலைஞர், நிகழ்ச்சி ஆகியவை மட்டும் நிரலாக அச்சிடப்பட்டன. களைகட்டியதா இல்லையா என்று அது சொல்லாது. ஆனால் சபா மேடையில் இறுதி வரியில் குறிப்பிடப்பட்ட வயலின்காரரும், மதிப்புரையே பெறாத நாகசுரக்காரரும் அந்த நிரலில் தத்தம் பெயரோடும் தத்தம் நேரத்தோடும் நிற்கிறார்கள்.